கார் நின்னாத்தான் கல்லு தெரியும்

வாரும் மருமவனே. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு கார்ன்வாலுக்கு லீவுக்குக் கிளம்புதீராமே? அதுவும் ஏ303 ரோடு வழியா. நல்ல காரியம். தாய்மாமன் ஒரு யோசனை சொல்லுதேன், தட்டாமக் கேளும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்குப் புறப்படும். ஆகஸ்ட் கடைசித் திங்கள் லீவுக்கு முந்தின வெள்ளியா இருந்தா இன்னும் விசேஷம். லண்டன்ல பாதிச் சனம் அந்த நேரத்துலதான் வண்டியை எடுக்கும். வழித்துணைக்குக் குறைவே இருக்காது.

எம்3-ல பறந்து போவீரு. பேசிங்ஸ்டோக்கைத் தாண்டினதும் நம்ம ரோடு பிரியும். அங்கன இருந்து டெவன்ல ஹானிடனுக்குக் கிட்ட வரைக்கும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆண்டோவர் பக்கமெல்லாம் போறதுக்கு ரெண்டு தடம், வாரதுக்கு ரெண்டு தடம்னு தாராளமாக் கிடக்கும். ‘இந்த ரோட்டையா மாமா கேலி பண்ணினாரு’ன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லுவீரு. சொல்லிக்கிடும். அமெஸ்பரி ரவுண்டானாவைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் வரைக்கும் சொல்லலாம். அதுக்கு அங்கிட்டு ஒத்தைத் தடந்தான். பிறகு விரியும், பிறகு சுருங்கும். ஆட்டை முழுங்கின மலைப்பாம்பு கணக்கா கடைசி வரைக்கும் அப்படித்தான்.

ஏன்னு கேக்கீரா? இதை ஒருத்தன் உக்காந்து யோசிச்சுப் போடலவே. முன்னாலயே கிடந்த பாதைகளை ஒண்ணாச் சேத்து 1933-ல ஒரு நம்பரைக் குடுத்தாவ, அம்புட்டுத்தான். இல்செஸ்டருக்கு மேக்க கொஞ்ச தூரம், ரோமாபுரிக்காரன் போட்ட ஃபாஸ் வே மேலயே ஓடுது. பிறகு வந்த அரசாங்கம் ஒவ்வொண்ணும் கையில காசு இருந்தா ஒரு துண்டை அகலப்படுத்தும். காசு தீந்ததும் மம்பட்டியை அங்கனயே போட்டுட்டுப் போயிரும்.

அமெஸ்பரிக்கு அங்கிட்டு வண்டியெல்லாம் நிக்கும்போது வலதுகைப் பக்கம் பாரும். ஸ்டோன்ஹெஞ்சு. நாலாயிரத்து ஐநூறு வருசத்துக் கல்லு. டிக்கெட்டு வாங்கிக்கிட்டு உள்ள போறவன் கூட கயித்துக்கு வெளியே நின்னுதான் பாக்கான். நீரு சும்மாவே பாக்கலாம், நெரிசல் புண்ணியத்துல. போகும்போது அது டிரைவர் பக்கம் வரும்கிறதை மட்டும் வீட்டுக்காரிகிட்ட முன்கூட்டியே சொல்லாதேயும்.

இந்தக் கல்லை 1915-ல சாலிஸ்பரியில ஏலம் போட்டாவ. செசில் சப்னு ஒரு வக்கீல் 6,600 பவுண்டுக்கு எடுத்தாரு. வீட்டம்மா நாற்காலி வாங்கத்தான் அவரை அனுப்பினாவன்னு ஒரு பேச்சு உண்டு. நாற்காலிக்குப் போனவன் பாறாங்கல்லோட வந்தா எந்த வீட்டுலவே சோறு விழும்? 1918-ல கல்லைத் தேசத்துக்கே தானம் பண்ணிட்டாரு. சர் பட்டம் கிடைச்சுது. வீட்டுல என்ன கிடைச்சுதுன்னு யாரும் எழுதி வைக்கல.

ரோடு கல்லுக்குப் பக்கத்துல போவுதே, அதை மண்ணுக்கடியில கொண்டுபோவோம்னு ரெண்டு மைலுக்குச் சுரங்கம் ஒண்ணு யோசிச்சாவ. சுரங்க வாயே பழைய புதைமேட்டு நிலத்துக்குள்ள வருதேன்னு தொல்லியல்காரங்க சண்டைக்கு வந்தாவ. 2020-ல, விசாரிச்ச அதிகாரிகளே வேண்டாம்னு எழுதினாவ. மந்திரி வேணும்னாரு. 2021-ல ஹைகோர்ட்டு செல்லாதுன்னுட்டுது. 2023-ல இன்னொரு மந்திரி திரும்பவும் வேணும்னாரு. 2024 ஜூலையில புது அரசாங்கம் வந்து கஜானா காலின்னு கையை விரிச்சுது. அதுக்குள்ள 15 கோடிப் பவுண்டுக்கு மேல செலவாயிட்டு. சுரங்கம் ஒரு முழம் நீளல.

எனக்கு அதுல வருத்தம் கிடையாது. ஓசியில கல்லு பாக்க முடியுதே. ஆனா வின்டர்போர்ன் ஸ்டோக்குல குடியிருக்கவன் என்னைய அடிக்க வருவான். அந்த ஊரு நடுவுலயே ரோடு கிடக்கு. சுரங்கத்தோட சேத்து அவனுக்கு ஒரு புறவழிச் சாலையும் தாரோம்னாவ. அதுவும் போச்சு.

நடுவுல உம்ம போனு ‘இடதுபக்கம் திரும்பு, வலதுபக்கம் திரும்பு, சுருக்கு வழி’ன்னு ஆசை காட்டும். திரும்பும், திரும்பும். உமக்கு முன்னால இருக்கவன் போனும் அதையேதான் சொல்லியிருக்கும். ஷ்ரூட்டன் மாதிரிச் சின்னச் சின்ன ஊருக்குள்ள வரிசையாப் போய், ஒரு டிராக்டருக்குப் பின்னால கூட்டம் சேந்து நிப்பீரு. ஊர்க்காரன் சன்னல் வழியாப் பாப்பான். கையை ஆட்டிராதேயும், அவன் ஏற்கெனவே கோவத்துல இருக்கான்.

வண்டி மக்கர் பண்ணினா ஸ்பார்க்ஃபர்டுல பண்ணுதாப்புல பாத்துக்கிடும். எந்தக் காரையும் பிரிச்சு மாட்டப் புஸ்தகம் போட்டானே ஹேன்ஸ் கம்பெனி, அவனுக்குத் தலைமையிடமா இருந்ததே அந்த ஊருதான். காரு மேல பிரியப்பட்டு, அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச மனுசன் ஒரு மியூசியமே வச்சாரு. அதையும் தாண்டிட்டா பிளாக்டவுன் குன்றுக மேல ரோடு ஒடுங்கி, வளைஞ்சு ஏறும். முன்னால ஒரு கேரவன் போவும், அதை முந்திரணும்னு உமக்குத் தோணும். வேண்டாம். அதுக்கு முன்னாலயும் ஒரு கேரவன்தான்.

நானா? உங்க கூடத்தான் வாரேன்வே, லீவுக்கு. வழிக்குத்தான் வரல. மறுநாள் காலையில பாடிங்டன்ல ரயில் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல எக்ஸிட்டர், அதுக்கு அங்கிட்டுக் கார்ன்வால். உம்ம வீட்டுக்காரிக்கும் சேத்து டிக்கெட்டு போட்டாச்சு. நீரு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாரும். அந்தப் பெரிய பெட்டியையும் மறக்காம உம்ம வண்டியிலயே போட்டுக்கிடும்.