150 மெகாஹெர்ட்ஸ் நியாயம்

கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் வாங்கி அதன் முழுப் பலனையும் அனுபவிக்கிறவர்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு கூட்டம்தான்: தயாரித்த கம்பெனியே இல்லாமல் போய்விட்ட பழைய ஒர்க்ஸ்டேஷனை வைத்துக்கொண்டிருப்பவர்கள். மற்ற நாமெல்லாம் காசைக் கொட்டி வாங்குவது கொஞ்சம் அவகாசம், அதுவும் அடுத்த அப்டேட் வரும்வரை. சொன்னால் கிறுக்குத்தனமாகத்தான் படும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1994ல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 20ஐ எடுத்துக்கொள்வோம். 16 அங்குலச் சதுரம், ஏறக்குறைய 3 அங்குல உயரம். பீட்சா டப்பா என்பது அதன் செல்லப்பெயர். அதிலிருந்த 60 மெகாஹெர்ட்ஸ் சூப்பர்ஸ்பார்க்கைக் கழற்றிவிட்டு, 150 மெகாஹெர்ட்ஸ் ஹைப்பர்ஸ்பார்க்கை மாட்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் போய், "இதை வைத்து என்ன சாதிக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஃபேனில் இருக்கும் தூசியைத் துடைப்பதில் அவர் திடீரென்று மும்முரமாகிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கேள்வியே தப்பு. வாங்கிய வேகம் வாங்கியவனிடமே தங்குமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

தங்காது என்பதை ரொம்ப நாளைக்கு முன்பே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995ல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைக் காட்டிலும் வேகமாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டே போகிறது என்பது அதன் சாரம். அன்றைக்கு அவர் வாயைக் கிளறியது எதுவோ, அதெல்லாம் இன்றைக்குக் கைக்குழந்தை. விண்டோஸ் 95 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 4 எம்.பி. ராம் போதும் என்றார்கள். விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜி.பி. கேட்கிறது, சரியாக 1024 மடங்கு. இந்த இடைவெளியில் நாம் தட்டச்சு செய்யும் கடிதம் 1024 மடங்கு நீளமாகிவிடவில்லை, அதைப் படிக்கிறவரின் பொறுமையும் அப்படியொன்றும் வளர்ந்துவிடவில்லை. 2017ல் டான் லூ என்ற பொறியாளர், விசையை அழுத்தியதிலிருந்து எழுத்து திரையில் தெரிய எவ்வளவு நேரமாகிறது என்று பல கம்ப்யூட்டர்களை அளந்து பார்த்தார். முதலிடம் 1983ல் வந்த ஆப்பிள் டூ ஈக்கு, 30 மில்லி செகண்ட். அதன் ப்ராசஸர் வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ் சொச்சம். அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம் கொண்ட பல புதிய மெஷின்கள் அதே ஓரெழுத்தைக் காட்ட 100 மில்லி செகண்டைத் தாண்டின. நடுவில் வந்த வேகமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், அது வழியிலேயே செலவாகிவிட்டது என்பதுதான் கணக்கு. சம்பளம் கூடினால் வாடகையும் கூடும் என்பது குடித்தனக்காரர்களுக்குப் புதிதா என்ன?

பழைய ஒர்க்ஸ்டேஷனில் இந்த வாடகை உயராது, ஏனென்றால் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். சன் கம்பெனியை ஆரக்கிள் 2010ல் வாங்கி முடித்தது. அதற்கு முன்பே, 2002ல் வந்த சோலாரிஸ் 9தான் (சோலாரிஸ் என்பது சன்னின் இயங்குதளம்) இந்த 32 பிட் பெட்டியில் ஓடக்கூடிய கடைசி சோலாரிஸ். 2005ல் வந்த பத்தாம் பதிப்பு இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விற்பனைப் பிரிவுக்காரர்கள் இதைக் கைவிடப்பட்ட தளம் என்பார்கள். விடுதலையடைந்த தளம் என்பது என் கட்சி. 1995ல் எழுதிய எடிட்டர் இன்றும் 1995ன் வேலையைத்தான் செய்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, காலையில் "உங்களுக்காக ஒரு புது உதவியாளர்" என்று பல்லைக் காட்டாது. எனவே ப்ராசஸர் மாற்றியதால் கிடைத்த வேகத்தில் பங்கு கேட்க ஆளில்லை. வாங்கியது வாங்கியபடியே, பைசா குறையாமல், உங்கள் கணக்கில் நிற்கும்.

பெட்டியும் சாதாரணப் பெட்டி இல்லை. 1995ல் வெளிவந்த டாய் ஸ்டோரி படத்தின் பிம்பங்களைக் கணக்கிட்டுத் தந்தவை 117 ஸ்பார்க்ஸ்டேஷன் 20கள். அவற்றில் 87 இரட்டை ப்ராசஸர் மெஷின்கள், மீதி 30 நான்கு ப்ராசஸர் மெஷின்கள். மொத்தம் 8 லட்சம் மெஷின் மணி நேரம் என்பது கணக்கு. அதாவது இதில் ப்ராசஸரைக் கூட்டுவது பின்னாளில் வேலையற்றவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல, தயாரித்தவர்களே திறந்து வைத்த வழி. மதர்போர்டில் எம்பஸ் என்ற இரண்டு இணைப்பிகள் இருக்கின்றன. ப்ராசஸர் ஒரு சின்ன போர்டில் உட்கார்ந்து வரும். அதை மதர்போர்டுக்கு மேலே படுக்கைவாட்டில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்தினால் 'கடுக்' என்று இறங்கும். ஒரு பக்கம் முந்தினால் பின் வளையும், பின்னோடு சேர்ந்து மனசும் வளையும். வேலை இத்தனைதான். வினை பக்கத்துச் சில்லுகளில் இருக்கிறது. பூட் ரோம் பழையதென்றால் ஹைப்பர்ஸ்பார்க்கை அதற்கு அடையாளம் தெரியாது, ரோமையும் மாற்ற வேண்டும். அடுத்தது, பெட்டியின் நினைவைக் காக்கும் சின்ன சிப். பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் சுமார் 10 ஆண்டு. அது தீர்ந்தால் மெஷினுக்குத் தன் அடையாள எண், நெட்வொர்க் முகவரி எல்லாம் மறந்துபோகும். ரசிகர்கள் சிப்பின் தலையை ரம்பத்தால் அறுத்து, உள்ளிருக்கும் கம்பிகளில் கடிகார பேட்டரி ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, முகவரியை ஃபோர்த் மொழிக் கட்டளைகளில் கையாலேயே தட்டி ஏற்றுவார்கள். அந்த முகவரியின் வால் பகுதியை ஆங்கில எழுத்துகளில் 'காஃபி' என்று வாசிக்கும்படி வைப்பது ஒரு சம்பிரதாயம். ஆகவே உலகமெங்கும் ஒரே முகவரியோடு பல காஃபி மெஷின்கள் திரிகின்றன. ஒரே வீட்டில் இரண்டு வந்து சேர்ந்தால்தான் தகராறு.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். 60 மெகாஹெர்ட்ஸ் 150 ஆனால் வேகம் இரண்டரை மடங்கு ஆகிவிடுமா? ஆகாது. சூப்பர்ஸ்பார்க் ஒரு துடிப்பில் மூன்று கட்டளைகள் வரை அனுப்பவல்லது, ஹைப்பர்ஸ்பார்க்கின் உச்சம் இரண்டு. போதாக்குறைக்கு, 1967லேயே ஜீன் அம்டால் சொல்லிவிட்டுப் போன விதி ஒன்று இருக்கிறது: ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், வேகமாகாத பகுதி மொத்த ஆதாயத்துக்கும் உச்சவரம்பு கட்டிவிடும். இந்தப் பெட்டியின் ஸ்கஸி டிஸ்க் வழித்தடம் விநாடிக்கு 10 எம்.பி.க்கு மேல் போகாது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும்போது 60 மெகாஹெர்ட்ஸும் 150 மெகாஹெர்ட்ஸும் ஒரே கதியில்தான் காத்திருக்கும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. வேண்டுமானால் ஒரு மடங்கைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றரை மடங்கு கண்ணுக்குத் தெரியும், காம்பைலர் ஓடும்போது கடிகாரத்திலும் தெரியும். புது லேப்டாப் வாங்கியவர் தன் வேகத்தைத் தெரிந்துகொள்ள, அதைச் சொல்வதற்கென்றே ஒரு மென்பொருளை இறக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் எமுலேட்டர். க்யூஎமு என்ற இலவச மென்பொருள், சாதாரண லேப்டாப்புக்குள் ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 20ஐயே நடித்துக் காட்டும். சூடு இல்லை, இரைச்சல் இல்லை, ரம்பத்துக்கும் வேலையில்லை. உண்மைதான். ஆனால் என் வாதத்துக்கு அது உதவி செய்கிறதே தவிர உபத்திரவம் செய்யவில்லை. எமுலேட்டரின் வேகம் இரவல் வேகம். மேலே ஓடும் பிரவுசரில் நாலு ஜன்னல் திறந்தால் கீழே உங்கள் ஸ்பார்க்ஸ்டேஷன் மூச்சு வாங்கும். லேப்டாப்பின் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்த நாளில் அதையும் குடிபெயர்க்க வேண்டும். தவிர, அதில் ப்ராசஸரை மாற்றுவது ஒரு சொல்லைத் திருத்தும் காரியம். பின் வளைந்துவிடுமோ என்று ஒரு கணமும் அடிவயிறு கலங்காத இடத்தில் நடப்பதற்கு மேம்பாடு என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது தர்க்கம் இல்லை, பிடிவாதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

என் வாதம் உண்மையிலேயே தடுமாறும் இடம் வேறு. நெட்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்துக்காரர்கள் இன்றுவரை இந்தப் பெட்டிக்கும் புதுப் பதிப்புகள் தந்துகொண்டிருக்கிறார்கள். 32 பிட் சோலாரிஸின் கடிகாரம் 2038 ஜனவரி 19ல் முடிந்துவிடும். நெட்பிஎஸ்டி அந்தக் கண்டத்தையும் தாண்டி ஓடும். அந்தத் தொண்டுள்ளத்தைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் புது மென்பொருள் உள்ளே வந்த மறு நிமிடமே பழைய வாடகை திரும்பிவிடுகிறது. வெளியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற சங்கேத இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து பாருங்கள். சங்கேதச் சாவிகள் முப்பது வருடத்தில் நீண்டுகொண்டே போயிருக்கின்றன. கைகுலுக்கும் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் இந்த ப்ராசஸருக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே என் கட்சிக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டியிருக்கிறது: வேகம் தங்க வேண்டுமென்றால் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்கும் ஃபேனைத் துடைப்பதுதான் பதில்.

இந்தச் செலவுக்கு முடிவே கிடையாதா என்பது வீட்டிலிருந்து வரும் கேள்வி. அதற்குத்தான் நல்ல பதில் கைவசம் இருக்கிறது: உண்டு, அதுவும் இதில் மட்டும்தான் உண்டு. ஹைப்பர்ஸ்பார்க்கைச் செய்த ராஸ் டெக்னாலஜி 1998ல் கடையைக் கட்டிவிட்டது. 200 மெகாஹெர்ட்ஸோடு அந்த வம்சம் முடிந்தது. அடுத்த மாடல் வரப்போகிறதாம், கொஞ்சம் பொறுப்போம் என்று யாரும் ஆசை காட்ட முடியாது. இணைப்பி இரண்டு, போர்டுக்கு இரண்டு ப்ராசஸர், ஆக நாலுதான். அதன் பிறகு மிஞ்சுவது 150 வாட் பவர் சப்ளை அத்தனையையும் தாங்குமா என்ற கவலையும், மூடி பற்றிய சர்ச்சையும்தான். மூடியை மூடினால் சூடு. திறந்து வைத்தால் ஃபேன் இழுக்கும் காற்று ப்ராசஸர் பக்கம் போகாமல் மேலோடு போய்விடும், அதனால் இன்னும் சூடு.