காப்புரிமை பூட்டா, சாவியா?

கேள்வி: பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் தொழில்நுட்பத்தை எல்லாம் பணக்கார நாடுகள் காப்புரிமை வாங்கிப் பூட்டிவிட்டால், ஏழை நாடுகள் என்ன செய்யும்?
(வாசகர், அம்பகரத்தூர்)

பதில்: உங்கள் பக்கத்துச் சம்பா வயலில் சி.ஆர். 1009 சப்-1 போட்டிருக்கிறார்களா, பாருங்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கிற நெல் அது. அந்தக் குணத்தைக் கொடுத்தது யார் தெரியுமா? ஒடிசா உழவர்களின் நாட்டு ரகம்! அதற்கான மரபணுவை அடையாளம் கண்டு அமெரிக்க, பிலிப்பைன்ஸ் ஆய்வுக்கூடங்கள் 2006-ல் வெளியிட்டன. விதைக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது. 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி அறுத்த நெல்லையே விதைநெல்லாக எடுத்து வைக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

கேள்வி: விதை சரி. சூரியத் தகடு, பேட்டரிக்கு?
(அதே வாசகர்)

பதில்: அதற்கும் வழி உண்டு; மருந்தில் நடந்ததைப் பாருங்கள். நெக்சவார் புற்றுநோய் மருந்து மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது; காப்புரிமை பெற்றவர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை 2012-ல் இந்தியா தந்ததும், அதன் நகல் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. அந்த உரிமத்துக்கு வழிசெய்யும் காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவு எந்திரத்துக்கும் பொருந்தும்.

ஆனால் உரிமம் காகிதம்தான். செய்முறையையும் கற்றுத்தர வேண்டும். புகையை அதிகம் விட்ட நாடுகளுக்கு அந்தக் கடமை உண்டு.