ஆர்ர மகன் நீ? – கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஊரைத் தேடுதாம். அறுகம்பேயிலிருந்து மருதமுனை வரை கரையோரம் முழுக்கக் கொழும்பில்தான் குடியிருக்கிறது போலும். அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கு வந்து எட்டு மாதம். பகலில் ஒன்றுமில்லை. மஃரிபு நேரமானால் நெஞ்சுக்குள் என்னமோ செய்கிறது. இது வருத்தமா காக்கா?
– பொத்துவில் பொடியன், வெள்ளவத்தை

வருத்தம்தான். 1688 இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்றொரு மருத்துவ மாணவர், ஊரை விட்டுப் போனவர்கள் உருகி உருகிக் கிடப்பதைப் பார்த்து ஆய்வே எழுதினார். ‘திரும்புதல்’ என்பதற்கு ஒரு கிரேக்கச் சொல், ‘வலி’ என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒட்டி ‘நொஸ்டால்ஜியா’ என்றார். அந்தக் காலத்து வைத்தியர்கள் இதற்கு அபினும் கொடுத்தார்கள், அட்டையும் கடிக்கவிட்டார்கள். ஒன்றும் சரிவராவிட்டால் கடைசி மருந்து, ஆளை ஊருக்கு ஏற்றிவிடுவது. நம்மட ஆட்கள் முதல் மருந்தாகவே கல்முனை பஸ்ஸுக்குத்தான் ரிக்கற் எடுக்கிறார்கள்.

ஆனால் மஃரிபு நேரம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதில் விசயம் இருக்கிறது. பொத்துவிலில் கடல் கிழக்கே. சூரியன் கடலில் எழும்பி, வயலையும் காட்டையும் தாண்டி விழும். தொழ நின்றால் முகம் மேற்கே. கடல் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருக்கும். வெள்ளவத்தையில் எல்லாம் தலைகீழ். கடலைப் பார்த்தபடி தக்பீர் கட்டுகிறீர்கள். பிறந்ததிலிருந்து முதுகில் கேட்ட சத்தம் இப்போது முகத்தில் வந்து மோதுகிறது. நான் வந்த புதிதில் காலிமுகத்திடலில் இறால் வடையும் கையுமாக நின்று, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். யாரோ படத்தைப் பின்னுக்கு ஓட்டுகிற மாதிரி இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் வடையைக் காகம் கொண்டுபோய்விட்டது.

கிழக்கிலிருந்து யார் வந்தாலும் ‘மட்டக்களப்பா?’ என்கிறார்கள். கோபம் வருகிறது.
– சாய்ந்தமருதூரான், மருதானை

அம்பாறை தனி மாவட்டமாகியது 1961 இல். தகவல் இன்னும் மருதானைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாம் மட்டும் என்ன ஒழுங்கு? சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டுமென்று 2017 இல் கடையடைத்தோம். கல்முனை எங்கே முடிகிறது, சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று இருட்டிலும் கைகாட்டுவோம். அதே நீங்கள் மருதானையில் ஒரு கல்முனையானைக் கண்டால் ‘நம்மட ஊரான்’ என்று தோளில் கை போடுகிறீர்கள். ஆயிரம் மைல் தள்ளிப்போனால் காலிக்காரனும் ஊரான்தான். சந்திரனுக்குப் போனால் இந்தியாக்காரனுக்கும் மச்சான் முறை வரும்.

கீரிமீன் கொழும்பில் ஏன் ருசிக்கவில்லை?
– ஆணம் பிரியன், தெமட்டகொட

அதுவும் ஊரை விட்டு வந்து படுகிற பாடுதான்.

மாமி மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் தயிர்ச் சட்டி அனுப்புகிறா. விடியச் சாமம் ஐந்து மணிக்குப் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே கடையில் தயிர் இல்லையா? மாமிக்கு எப்படிச் சொல்வது?
– தெஹிவளை மருமகள்

சொல்லிப்போடாதீங்க தங்கச்சி. முதலில் அந்தச் சட்டி வந்த வழியைப் பாருங்கள். மண்சட்டி, வாயில் கடதாசி, அதன் மேல் கயிறு. கண்டக்டர் அதைத் தன் காலடியில், ஸ்பெயார் டயருக்கும் யாரோ ஒருவருடைய அரிசிப் பைக்கும் நடுவில் நெருக்கி வைப்பார். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை வரைக்கும் சட்டி அசையாது. வெல்லவாயவைத் தாண்டி பெரகலை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போதுதான் தயிர் தண்ணி விடத் தொடங்கும். பலாங்கொடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் கண்டக்டர் ஒருமுறை காலால் தட்டிப் பார்ப்பார். இரத்தினபுரி, அவிசாவளை எல்லாம் தாண்டி, கொழும்பில் உங்கள் கைக்கு வரும்போது ஒரு பக்கம் நனைந்து, புகை மணத்துக்கொண்டிருக்கும். 300 கிலோமீற்றருக்கும் மேல்.

இனி அந்தக் கடதாசியை எறியாமல் பாருங்கள். மகனின் பெயர் இருக்கும். அதோடு விடமாட்டா, கீழே வாப்பாவின் பெயர், அதற்கும் கீழே பள்ளிவாசல் ஒழுங்கை. கொழும்பில் எடுக்கப்போகிற சட்டிக்கு ஊர் ஒழுங்கை என்னத்துக்கு என்று கேட்காதீர்கள். கடைத் தயிரில் காலாவதித் திகதி போட்டிருப்பார்கள். இதில் உங்கள் மாப்பிள்ளை யாருடைய பிள்ளை என்று போட்டிருக்கிறது. சட்டியைத் திருப்பி அனுப்பும்போது வெறுஞ்சட்டியாக அனுப்பாதீர்கள், அது பெரிய குத்தம்.

பிறந்தது அக்கரைப்பற்று. கலியாணம் முடித்தது நிந்தவூர். வேலை கொழும்பு. எதை என் ஊர் என்பது?
– மும்முனை மாப்பிள்ளை

நம்மட பக்கத்து ஆம்பிளை கொழும்புக்கு வந்துதான் ஊரை விட்டான் என்று யார் சொன்னது? கலியாண இரவே விட்டுவிட்டான். வாப்பா வட்டையில் வெயில் குடித்து, கடன்பட்டு, வீடு கட்டுவது மகளுக்கு. மகள் அந்த வீட்டிலேயே இருப்பாள்; மருமகன் பெட்டியோடு வந்து ஏறுவான். குடியும் தாய்வழியில்தான் எண்ணுகிறோம். ஆக, ஆண்பிள்ளை பிறந்த வீட்டிலேயே நீண்டநாள் விருந்தாளி. அவன் ஓடி விளையாடிய முற்றம் தங்கச்சியின் சீதனம்.

அதனால் நம்மட உம்மாமார் சொல்லுகிற ‘ஊர்’ வேறு, வாப்பாமார் சொல்லுகிற ‘ஊர்’ வேறு. என்னுடைய வாப்பா, மாமியார் வீட்டில் நாற்பது வருசம் இருந்தார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டுக் குசினிக்குள் அவர் போய்த் தண்ணி அள்ளிக் குடித்ததில்லை, கேட்டுத்தான் குடிப்பார். பெருநாளன்று தொழுதுவிட்டு முதலில் சைக்கிளை எடுப்பது பிறந்த ஊருக்குத்தான். எந்த ஊரில் கேட்காமல் தண்ணி குடிப்பீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ரயில் எப்போது வரும்?
– தண்டவாளம், கொம்பனித்தெரு

மட்டக்களப்புக்கு 1928 இல் வந்தது. அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லாரும் ஊரைத் தேடுது என்கிறார்கள். எனக்குத் தேடவில்லை. சந்திக்குச் சந்தி ‘ஆர்ர மகள் நீ? எங்க போற?’ என்ற விசாரணை இல்லாமல் கொழும்பில் நிம்மதியாக நடக்கிறேன். நான் நன்றி கெட்டவளா?
– பெயர் வேண்டாம், பம்பலப்பிட்டி

பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஊரில் அப்படி எழுத முடியாது, கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘ஆர்ர மகன்’ என்ற கேள்வி ஆண்பிள்ளைக்கு ஒரு சலாம். பெண்பிள்ளைக்கு அது சோதனைச்சாவடி. ஊர்ப்பாசம் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிற என்னைப் போன்ற ஆம்பிளைகள் இதை மறந்துவிடுகிறோம். மேல்மாடிக்காரருக்கு உங்கள் பெயர் தெரியாத சுகம், அந்தக் கொள்ளை வாடகைக்குள் அடக்கம், அனுபவியுங்கள். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து, கதவை யாரும் தட்டாத அன்றைக்கு மட்டும் இன்னொரு கடிதம் போடுங்கள். பெயர் போட வேண்டாம்.

பிறந்தது உல்லை, வேலையும் உல்லையில் ஒரு ஹோட்டலில். எங்கேயும் போகவில்லை. ஆனாலும் சீசன் வந்தால் ஊரைத் தேடுது. எனக்கு மண்டை பிழையா?
– அலைக்காரன், அறுகம்பே

இல்லை தம்பி. மற்றவர்கள் நகரத்துக்குப் போனார்கள். உங்களிடம் நகரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. உங்கள் ஊர்ப்பெயரைப் பாருங்கள்: ‘அறுகம்’ நம்மட புல், ‘பே’ வெள்ளைக்காரன் சொல். ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை ‘பே’ ஆட்சி. தோணி இழுத்த இடத்தில் அலைப்பலகை வாடகைக்கு நிற்கும். தேத்தண்ணி டொலரில் கொதிக்கும். கரைவலைக்காரரின் பொடியன், உம்மாவுக்கு விளங்காத நாலு மொழியில் ‘நாளைக்கு அலை நல்லம்’ என்பான். நவம்பரில் வாடைமழை இறங்க, பலகைகளைக் கழற்றி உள்ளே வைப்பார்கள். ‘அறுகம்’ திரும்பி வரும். சம்பளம் ‘பே’ தருகிறது, நித்திரை ‘அறுகம்’ தருகிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் கேட்டால் கிடைக்காது.

புல் என்றதும் ஞாபகம் வருகிறது. மக்காவை விட்டு மதீனா வந்த புதிதில் பிலால் (ரழி) காய்ச்சலில் படுத்தார். அப்போது அவர் கேட்டதெல்லாம், இத்கிர் புல் சூழ அந்தப் பள்ளத்தாக்கில் இன்னோர் இரவு கழிப்பேனா என்றுதான். அடித்துத் துன்புறுத்தி, சுடுமணலில் கிடத்திக் கல்லேற்றிய ஊர் அது. அந்த ஊரின் புல்லைத் தேடியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட நபியவர்கள், மக்காவைப் போல, அதைவிடக் கூடவும், மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆக் கேட்டார்கள். மக்காவை மறக்கச் செய் என்று கேட்கவில்லை.

கட்டாரிலிருந்து இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வருகிறேன். பதினோராம் நாள் ஊர் சலித்துவிடுகிறது. திரும்பிப் போனால் விமானத்திலேயே தேடத் தொடங்குகிறது. ஏன்?
– தோஹா மச்சான்

உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். இப்னு பதூதா 1325 இல் தஞ்சையரிலிருந்து (தஞ்சாவூர் இல்லை, மொரோக்கோ) கிளம்பினார், வயது 21. துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட வந்தவர்களை எல்லாம் ஊரார் வந்து சலாம் சொல்லிக் கூட்டிப்போனார்கள். இவருக்குச் சலாம் சொல்ல ஒரு ஆள் இல்லை. நடுத்தெருவில் அழுதிருக்கிறார். அந்த அழுகுணிப் பிள்ளைதான் பிறகு உலகம் சுற்றி, 1344 இல் நம்மட இலங்கைக்கும் வந்து, பாவாத மலை ஏறிவிட்டுப் போனது. 24 வருசம் கழித்து 1349 இல் ஊர் திரும்பும்போது உம்மா கொள்ளைநோயில் மௌத்தாகியிருந்தா. கபுறடிக்குப் போனார். ஊரில் இருந்தாரா? கொஞ்ச நாளில் ஸ்பெயின் பக்கம் கிளம்பிவிட்டார், பிறகு மாலி. நீங்கள் பதினொரு நாள் தாக்குப்பிடிக்கிறீர்களே, பெரிய காரியம்.

எங்கள் வீடு கடற்கரையோரம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு உள்ளே வீட்டுத்திட்டத்தில் வீடு தந்தார்கள். இப்போது நானும் கொழும்பில். விடுமுறைக்குப் போனால் பழைய இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மணலுக்குள் தெரிகிறது. ஊருக்குப் போயும் ஊர் இல்லை.
– பெயரில்லை

இதற்குப் பகிடி வராது. 2004 டிசம்பர் 26 இல் இந்த நாட்டில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். நம்மட கரையில், மணலைக் காட்டி ‘இது மாமிட குசினி, இதில கொய்யா நின்ற’ என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய், அந்தக் கட்டில் உட்கார வைத்து, வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டுங்கள்.

ஊரில் ஒரு மௌத்து என்றால் நான் எப்போதும் சுணங்கித்தான் போய்ச் சேருகிறேன். முகம் பார்க்கக் கிடைப்பதில்லை. கொழும்பில் இருப்பதற்கு இதுதான் வட்டியா?
– மருதமுனை மகன், கொட்டாஞ்சேனை

நானும் இந்த வட்டி கட்டியவன். என் சாச்சி மௌத்தான அன்று காலை வட்சப்பில் ஜனாஸா அறிவித்தல் வந்தது: அசருக்குப் பின் நல்லடக்கம். வாகனம் பிடித்து ஓடினேன். இரத்தினபுரியில் மழை, பலாங்கொடையில் நெரிசல். மொனராகலையில் அசர் பாங்கு கேட்டது. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார்; இனி ஓடி என்ன?

வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் வாடகைக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே மையவாடிக்குப் போனேன். இருட்டு. புதுமண் எங்கே என்று தெரியாமல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன். கேற்றடியிலிருந்து ஒரு கிழவர் டோர்ச் லைற்றை முகத்தில் அடித்தார்.

“ஆர்ர மகன் நீ?”

சொன்னேன். லைற்றைக் கீழே இறக்கினார். “மறுகா ஏன்டா இஞ்ச நிக்காய், சாச்சி அந்தப் பக்கம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அடுத்த மாதம் பதில் உண்டா காக்கா, அல்லது நீங்களும் ஊருக்கா?
– ஆசிரியர் குழு

இரவு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. கையில் மூன்று வெறுஞ்சட்டி. உள்ளே போட என்ன வாங்கலாம் என்று யாராவது கெதியாகச் சொல்லுங்கள்.