கம்பி கட்டுற கதை

மாடல் விமானக்காரர்களில் பல ரகம் உண்டு. இரட்டை இறக்கை விமானத்துக்குக் கம்பி கட்டுபவர் அவர்களில் தனி ரகம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பெயின்ட் அடித்ததும் மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடும். இவருக்கு அங்கேதான் தொடக்கம்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ உத்தியோகம். மதுரைப் பக்கம் பரவையில் குடியிருப்பவரானால் மாடி அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு ஊரே வைகைக்குப் போயிருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். ஃபேனைப் போட முடியாது. கையிலிருக்கும் இழையின் கனம் 0.08 மில்லிமீட்டர். பெருமூச்சு விட்டாலே அது மேசையைவிட்டுப் போய்விடும்.

அந்த 0.08-க்குக் கணக்கு இருக்கிறது. அசல் விமானத்தில் கம்பி 6 மில்லிமீட்டர் என்றால், 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அவ்வளவுதான் வரும். தலைமுடியும் ஏறக்குறைய அதே கனம். இந்த உண்மை தெரிந்த நாளிலிருந்து அவர் மனைவியின் சீப்பை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் உற்றுப்பார்க்க ஆரம்பிப்பார். இதனால் வீட்டில் எழும் கேள்விகளுக்கு அவரிடம் உள்ள பதில் உண்மையானதுதான். நம்பத்தான் ஆள் இல்லை.

மீனாட்சி மில் இருந்த ஊரில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பருத்தி நூல் இந்த வேலைக்கு ஆகாது. அதன் பிசிறு கண்ணுக்குத் தெரியும். சின்ன விமானத்தில் கட்டினால் தேர் வடம் மாதிரி இருக்கும். ஆகவே தூண்டில் கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிய தங்கூஸ் நரம்பைக் கேட்பார். “இதுல அயிரை மாட்டுனாலே அத்துரும்ணே” என்று கடைக்காரர் எச்சரிப்பார். அயிரைக்காக வாங்கவில்லை என்பதை விளக்கப் போய், பின்னால் நிற்பவர்களின் பொறுமையைச் சோதிப்பார். சிக்கனக்காரர் துண்டுகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்து இழையாக்கிக்கொள்வார். வசதி உள்ளவர் ரப்பராய் நீளும் ‘ஈஸி லைன்’ வரவழைப்பார்.

கம்பிகளில் முக்கியமானவை இரண்டு வகை. விமான உடலின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் ஏறுவது பறப்புக் கம்பி; பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி மடங்காமல் அது இழுத்துப் பிடிக்கும். மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கம் இறங்குவது தரைக் கம்பி. தரையில் நிற்கும்போது இறக்கைகள் தொங்கிவிடாமல் அது தாங்கும். மாடலில் இவை எதையும் தாங்குவதில்லை; பசைதான் தாங்குகிறது. இதைச் சொல்லிக்காட்டும் விருந்தாளிக்கு அந்த வீட்டில் இரண்டாவது காப்பி கிடையாது.

வேலை நடப்பது இப்படி. இறக்கைகளை ஒட்டுவதற்கு முன்பே, விரலால் உருட்டும் குட்டித் துரப்பணத்தில் 0.3 மில்லிமீட்டர் ஊசியை மாட்டித் துளை போட வேண்டும். ஊசி உடையும், அதற்கென்று இன்னொன்று இருக்கும், அதுவும் உடையும். பிறகு நரம்பைத் துளை வழியே கோத்து, நுனியில் துணி கிளிப்பைத் தொங்கவிட்டு விறைப்பாக்கி, ஒரு பொட்டு ஃபெவிக்விக் வைக்க வேண்டும். பெரும்பாலும் விரல்தான் முதலில் ஒட்டும். அதிகமாக இழுத்தால் இறக்கையே வளைந்துவிடும். தொய்வு மிஞ்சினால் ஊதுபத்தியைக் கொளுத்தி அருகே காட்டினால் போதும், நைலான் சுருங்கி விறைத்துக்கொள்ளும். கங்கு பட்டால் அறுந்துவிடும். வாசனை கீழே வந்ததும் மனைவியின் குரல் மேலே வரும்: “சாமி ரூம்ல ஒரு நாளாவது ஊதுபத்தி கொளுத்தியிருக்கீங்களா?”

புதிதாக இறங்குபவருக்கு டைகர் மாத் ஏற்றது. 1931-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம். 72-ல் ஒரு பங்கில் இறக்கை முனைக்கு முனை 12.4 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒரே ஒரு தாங்குகால் வரிசை. கை பழகியவர் வாபிட்டிக்குப் போவார். 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனிடம் இருந்தவை நான்கு வாபிட்டிகள். அதில் பக்கத்துக்கு இரண்டு வரிசை, அதனால் கம்பியும் அதிகம், வீட்டில் சண்டையும் அதிகம்.

முற்றியவர் முதல் உலகப்போர்க் காலத்து எஸ்.இ.5ஏ-வில் வந்து நிற்பார். அதன் கம்பிகள் உருண்டையல்ல. காற்றைக் கிழிக்கத் தட்டையாகச் செய்யப்பட்டவை. 0.08 மில்லிமீட்டரில் தட்டையா உருண்டையா என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அவரிடம் அது இருக்கிறது. அடுத்தவர் கையிலும் திணிப்பார்.

பார்க்க வரும் மாமனாருக்கு ஒரே கேள்விதான்.

“மாப்ள, இது பறக்குமா?”

“பறக்காது மாமா.”

“அப்புறம் எதுக்கு இம்புட்டுக் கம்பி?”

இதற்கென்றே காத்திருந்தவர், 1918 ஜூலையில் இந்திய விமானி இந்திர லால் ராய் இதே எஸ்.இ.5ஏ-வை ஓட்டி, இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றி பெற்றதையும், அதே மாதம் 22-ஆம் தேதி வானிலேயே வீழ்த்தப்பட்டதையும் முதலிலிருந்து தொடங்குவார். கதை பாதிக்கு வரும்போது மாமா கம்பி நீட்டியிருப்பார்.

முடிந்த விமானம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். தூசியும் பல்லியும் அங்கே எட்டாது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் பெட்டி இடம் மாறும். இரண்டு கம்பியாவது அறும். அவற்றைத் திரும்பக் கட்ட அவர் ஆபீசுக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுப்பார். காரணம் கண்வலி என்றிருக்கும். கட்டி முடிப்பதற்குள் அதுவும் உண்மையாகிவிடும்.