ஆடி வெள்ளியும் அறுபத்தேழு நிமிடமும்

ஜோகன்னஸ்பர்க்
ஜூலை 21

அன்புள்ள தாத்தாவுக்கு,

போனில் பேசினால் காற்றோடு போய்விடும், காகிதத்தில் எழுது என்று கட்டளை போட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். போன தடவை நீங்கள் அனுப்பியது இன்னும் எங்கள் பிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அது என் மார்க் ஷீட் என்று நினைக்கிறார்கள்.

இங்கே இப்போது குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியை அப்பா பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுகிறார், அந்தக் கார்டுக்கு வேறு வேலையும் இல்லை. குளிருக்குப் பயந்துதான் லீவுக்கு டர்பன் போனோம். தலைப்பாகை இல்லை, தாத்தா, ஊர். ஆயாவிடம் "டர்பன் போறோம்" என்றபோது, "எதுக்குடி தலையில கட்டிக்கிறீங்க?" என்று கேட்டார். விளக்கிச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடுங்கள்.

காரில் 570 கிலோமீட்டர். அம்மா கட்டிய புளிச்சோறு முதல் நூறிலேயே காலி. மலை இறங்கி டர்பனை நெருங்கும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஓர் ஊர். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது அந்த ஸ்டேஷனில்தான். அப்பா காரை நிறுத்திப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய்த் தொண்டை கமற விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி கேட்டான், "ஏன், டிக்கெட் எடுக்கலையா?"

"எடுத்திருந்தார்டா. ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்."

"அப்ப உங்கள ஏன் இறக்கிவிட்டாங்க?"

புட்லூரில் ஏறி, செகண்ட் கிளாஸ் டிக்கெட்டோடு ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் உட்கார்ந்து அப்பா மாட்டிய கதையை அவனுக்குச் சொன்னது நான் இல்லை. அபராதம் கட்ட லேத்துப் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு நீங்கள் ஓடியதையும் சேர்த்து அம்மாதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு டர்பன் வரும்வரை அப்பா சரித்திரம் பேசவில்லை.

கடல் அழகுதான். ஜூலையிலும் இறங்கிக் குளிக்கலாம். அகுல்லாஸ் என்று ஒரு நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருகிறதாம். "இதுவும் இந்துமாக் கடல்தான், இதே தண்ணிதான் சுத்திக்கிட்டுப் பழவேற்காட்டுக்கும் போகுது" என்றார் அப்பா. "அப்ப அங்கேயே பார்த்திருக்கலாமே, பெட்ரோல் மிச்சம்" என்றார் அம்மா. நீங்கள் சொல்வீர்களே, காக்களூர் ஏரிக்கு அலை ஒன்றுதான் குறை என்று, அதுவும் அப்போது ஞாபகம் வந்தது.

இங்கே கடலில் சுறாவுக்கு வலை கட்டியிருக்கிறார்கள், 1952-லிருந்து. அம்மா தைரியமாக இடுப்பளவுக்குப் போய்விட்டார். தம்பிதான் எதையும் முழுசாகப் படிக்கிறவன் ஆயிற்றே. "அம்மா, வலை வேலி மாதிரி முழுசா அடைக்காதாம். நடுநடுவுல விட்டு விட்டுத்தான் போட்டிருக்காங்களாம். கிட்ட வர்ற சுறாவைப் பிடிச்சு எண்ணிக்கையைக் குறைக்கத்தானாம். மேலயும் வரலாம், பக்கத்துலயும் வரலாம்" என்று கரையிலிருந்து கத்தினான். அம்மா தண்ணீரில் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மீதி நாளெல்லாம் கணுக்கால் அளவுதான். "நம்ம ஊர்ல நாம சுறாவைப் புட்டு பண்ணுவோம். இங்க அது நம்மள பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். டர்பனின் பெரிய பெருமை 'பன்னி சௌ'. பெயரைக் கேட்டதும் அம்மா, "முயலா?" என்று எழுந்துவிட்டார். முயல் இல்லை, பன்றியும் இல்லை. வெட்டாத முழு ரொட்டியில் கால் பாகத்தை எடுத்து, நடுவைத் தோண்டி, உள்ளே குழம்பை ஊற்றித் தருகிறார்கள். தோண்டிய பஞ்சு ரொட்டியே மூடி. ஸ்பூன் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பனியா என்ற சொல்தான் பன்னி ஆனது என்கிறார்கள். அம்மாவுக்குப் பீன்ஸ் பன்னி, எங்களுக்கு மட்டன். பாத்திரத்தையே தின்றுவிடுவதால் கழுவும் வேலை இல்லை என்று அம்மா கண்டுபிடித்தார். இனி வீட்டில் வாரம் ஒரு நாள் அதுதானாம்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவும் தமிழ்தான். ஐந்தாம் தலைமுறை. தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. ஆனால் அவர் பேரக்குழந்தைகள் அவர் வீட்டுக்காரரைக் கூப்பிடுவது 'தாத்தா' என்றுதான்! தெருவில் எல்லாப் பலகையிலும் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவேந்தர். கோவேந்தரைப் பார்த்து அப்பா, "கோ என்றாலும் அரசன், வேந்தர் என்றாலும் அரசன், எவ்வளவு தூய தமிழ்ப் பெயர்!" என்று புல்லரித்தார். கவுண்டராம். மூட்லி, முதலியார். அந்தக் காலத்துக் குமாஸ்தாவின் காதில் விழுந்த லட்சணம். என் பெயரைப் பள்ளியில் கூப்பிடுவதைக் கேட்டால் அந்தக் குமாஸ்தாவே தேவலை.

ஜூலை 18 வெள்ளிக்கிழமை. நம்ம கணக்கில் ஆடி முதல் வெள்ளி, இந்த ஊர்க் கணக்கில் மண்டேலா பிறந்தநாள். அவர் 67 வருடம் பொதுவாழ்வில் இருந்ததால் அன்றைக்கு ஒவ்வொருவரும் 67 நிமிடம் பிறருக்காக உழைக்க வேண்டும். தம்பி பள்ளியில் அதற்கு ஒரு தாளே கொடுத்திருக்கிறார்கள், பெரியவர்கள் கையெழுத்துப் போட. வீட்டுக்காரம்மா, "பாரிட்ஜ் பிரேயருக்குப் போகலாம்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். ஏதோ சர்ச் என்று நினைத்துப் போனால், மாரியம்மன் கோயில், வேப்பிலை, அண்டாவில் கூழ்! கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவு. சின்ன வெங்காயம் கேட்ட அம்மாவுக்குப் புரியாமல் ஊறுகாய் கொடுத்தார்கள்.

தம்பி போனில் டைமர் வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தான். சரியாக 67-ஆவது நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் நீட்டிய குவளை அந்தரத்தில் நிற்கிறது. அம்மா, "மண்டேலா 27 வருஷம் ஜெயில்ல இருந்தாருடா. இன்னும் 27 பேருக்கு ஊத்து" என்றார். ஊற்றினான், ஒவ்வொருவரையும் உரக்க எண்ணியபடி.

பிறகு பாட்டு. எல்லோர் கையிலும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் பாடல் புத்தகம். பொருள் தெரியாதவர்கள் கடைசி வரிவரை பாடினார்கள். தமிழ் தெரிந்த எங்கள் நாலு பேருக்கும் இரண்டாவது வரியே வரவில்லை. அப்பா வாயை மட்டும் அசைத்தார். நான் பார்த்தேன்.

அன்று இரவு வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளைக் கொண்டுவந்தார். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது; கரும்புத் தோட்ட வேலை, ஐந்து வருட ஒப்பந்தம். 1911 வரை அப்படி ஒன்றரை லட்சம் பேர் வந்தார்களாம். வீட்டுக்காரம்மாவின் முப்பாட்டனார் பின்னால் வேறொரு கப்பலில். அந்தத் தாள் கப்பல் பதிவின் நகல்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, வலது முழங்காலில் தழும்பு. ஜில்லா, செங்கல்பட்டு.

தாத்தா, நம்ம ஊரும் அப்போது செங்கல்பட்டு ஜில்லாதானே? 1997-இல்தான் திருவள்ளூர் மாவட்டம் தனியானது என்று நீங்கள் சொன்னதை நான் உடனே எடுத்துவிட்டேன். ஆனால் கிராமத்தின் பெயரை அந்தக் குமாஸ்தா எழுதியிருக்கும் அழகில் பூதூர், புத்தூர், புட்லூர், எதுவாக வேண்டுமானாலும் வாசிக்கலாம். அப்பா கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். எழுத்தை அப்படியே பார்த்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். லேத்தில் பழைய போல்ட்டைப் பார்த்தே எந்த மெஷினுடையது என்று சொல்வீர்களே, அதுபோல் பார்த்துச் சொல்லுங்கள். டிசம்பரில் வீட்டுக்காரம்மா இந்தியா வருகிறாராம். நம்ம வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன். வீரராகவர் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைப்பதைச் சொன்னேன், அதையும் பார்க்க வேண்டுமாம்.

ஆயாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புப் பேத்தி

பி.கு.: டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் அம்மா வாங்கிய மசாலாப் பொட்டலம் ஒன்றை அப்பாவின் நண்பர் மூலம் ஆயாவுக்குக் கொடுத்தனுப்புகிறார். நல்ல காரம். மேலே ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு பெயர் இருக்கும். அங்கே அந்த ரகத்துக்கே அதுதான் பெயர். 'மாமியாரை ஒழிப்பது' என்று அர்த்தம். பெயரைப் பார்க்காமல்தான் வாங்கினேன் என்கிறார் அம்மா. நீங்கள் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டிவிட்டு ஆயாவிடம் கொடுங்கள்.