அட்லாண்டிக்குக்கு ஓர் அட்டவணை

ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் சுற்றுலாவுக்குத் திட்டம் போடக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து டப்ளினுக்கு எங்களோடு தங்க வந்திருக்கும் சித்தப்பா, அக்டோபர் கடைசித் திங்கள்கிழமை இங்கே பொது விடுமுறை என்று கேள்விப்பட்ட அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவிட்டார். சனி, ஞாயிறு, திங்கள். மேற்குக் கடற்கரை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவப்பு மையில் 'பயணத் திட்டம்', அதற்கும் கீழே 'அதிகாலை 4.30: துயில் எழுதல்'.

"ஏலே, இந்தக் கடலோர ரோடு மொத்தம் எவ்வளவு தூரம்?" என்றார்.

வைல்ட் அட்லாண்டிக் வே என்று 2014இல் பெயர் சூட்டிய பாதை அது. வடக்கே டொனகாலில் தொடங்கி, தெற்கே கார்க் மாவட்டத்து கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டர். புதிதாக ரோடு போடவில்லை. ஏற்கெனவே கிடந்த கடலோர ரோடுகளைச் சேர்த்து, அலை வடிவம் போட்ட பலகைகளை நட்டார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "ரோடே போடாம ரோடு திறந்திருக்கான் பாரு! நம்ம டிபார்ட்மெண்டுக்கு இது தோணாமப் போச்சே."

பிறகு வகுத்தார். மணிக்கு 60 வீதம் 42 மணி நேரம். மூன்று நாளில் இருப்பது 72. மீதி 30 மணி நேரத்துக்கு நேராக 'இயற்கைக் காட்சி, உணவு, உபாதை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அந்த 60இல்தான் சிக்கல். அயர்லாந்தின் மேற்கே உள்ளூர் ரோடு என்றால் ஒரு கார் போகும் அகலம். இருபுறமும் கல் சுவர் அல்லது முள் வேலி. நடுவில் நெடுகப் புல். முதுகில் நீலமும் சிவப்பும் பூசிய ஆடுகள் அந்தப் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கும். ஹாரன் அடித்தால் அவை நம்மைத்தான் ஏற இறங்கப் பார்க்கும். இத்தகைய ரோடுகளுக்கு 2025 பிப்ரவரி வரை 80 கிலோமீட்டர் வேகம் அனுமதி, அதற்குப் பிறகுதான் 60 ஆக்கினார்கள் என்று சொல்லி, போன கோடையில் எடுத்த படத்தையும் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். முப்பது வருட சர்வீஸில் எத்தனையோ பார்த்தவர். "நடு ரோட்டுல அருகம்புல்லு. இதுல 80னு போர்டு வைக்க எவன்லே கையெழுத்துப் போட்டான்?"

நாலரை மணிக்கு எழுவதும் நடக்கிற காரியமில்லை. அக்டோபர் இறுதியில் அந்தச் சனிக்கிழமை மேற்குக் கரையில் எட்டு மணிக்குப் பிறகுதான் பொழுது விடியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதால் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். அப்படிக் கிடைக்கிற ஒரு மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் வரவு வைப்பது என்று சித்தப்பா ஒரு முழு மாலை யோசித்தார்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் தேய்ந்தது. மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறை 214 மீட்டர் என்றதும் குறித்துக்கொண்டார். டொனகாலின் ஸ்லீவ் லீக் 601 மீட்டர், கூட்டமும் குறைவு என்றதும், "பின்ன ஏன் எல்லாரும் சின்னதுக்குப் போறான்?" என்று மோஹரை அடித்தார். டப்ளினிலிருந்து அது வேறு திசை என்றதும் ஸ்லீவ் லீக்கையும் அடித்தார். அடுத்து ஸ்கெல்லிக் மைக்கேல். நடுக்கடலில் கூம்பிய பாறை. அந்தக் காலத்துத் துறவிகள் கட்டிய கல் குடில்கள். ஏற 618 படி. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த பிறகு உலகமே அங்கே ஏறத் துடிக்கிறது.

"பழனி ஏறினவன்லே நான்" என்று சித்தப்பா வேட்டியை இறுக்கினார்.

"படகு செப்டம்பரோட நின்னுரும் சித்தப்பா."

"படி மட்டும் இருக்கும், படகு இருக்காதோ?" அந்த வரியை அடித்த அடியில் பேனா அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது.

கடைசியில் என் மனைவிதான் வரைபடத்தை விரித்து, கெர்ரி மாவட்டத்திலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களில் ஒன்றின் மேல் கை வைத்தாள். "சின்ன மாமா, இது ஒண்ணு போதும்." டிங்கிள் தீபகற்பம். அதன் மேற்கு முனையைச் சுற்றி வரும் ஸ்லே ஹெட் பாதை ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. டூரிஸ்ட் பஸ்களோடு எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாமல் இருக்க, எல்லோரும் கடிகார முள் திசையில்தான் சுற்ற வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். "வலமாப் போகணுங்கான்! கிரிவலம் மாதிரில்லா இருக்கு" என்று அந்த நிமிடமே ஒப்புதல் கொடுத்தார். வலமாகப் போனால் கடல் இடக்கைப் பக்கம் வரும், இந்த நாட்டிலும் டிரைவருக்கு இடப்பக்கம்தான் முன்சீட்டு, அதில் உட்காரப் போவது அவர்தான் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பயணத்துக்கு ஒருவராவது உற்சாகமாக இருக்க வேண்டாமா?

எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவது அந்தப் பக்கத்து மரியாதை. கை அசைக்கக் கூடாது, தலை ஆட்டக் கூடாது. விரல் ஒன்று, அதுவும் அரை நொடி. சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இரண்டு வேளை பயிற்சி எடுத்தார். விரலோடு புருவமும் சேர்ந்து எழுந்ததால் மதிப்பெண் குறைத்தேன்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் என்பதில் விவாதமே எழவில்லை.

மழைதான் பாக்கி. மேற்கில் சில இடங்களில் ஆண்டுக்கு 225 நாள் மழை என்றேன். "மிச்சம் 140 இருக்குல்லா? அதுல மூணு நமக்குக் கிடைக்காதா?" என்றார். சரி, பயமுறுத்தியாவது பார்ப்போம் என்று 2017இல் வந்த ஒஃபேலியா புயலை எடுத்தேன். நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை, கார்க் கடலில் ஃபாஸ்ட்நெட் பாறையில் மணிக்கு 191 கிலோமீட்டர் காற்று.

"எந்த மாசம்?"

"அக்டோபர்."

நோட்டில் 'குடை' என்று எழுதினார். அங்கே மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும் என்றேன். 'குடை' என்பதைத் திருத்தி 'குடை (கிடைமட்டம்)' என்று ஆக்கினார்.

வியாழக்கிழமை கெர்ரிக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. தங்கவிருந்த வீட்டு அம்மாவுக்குச் சித்தப்பாவே போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டேன். மழை வருமா என்றார், வரும் என்றாள். நிற்குமா என்றார், நிற்கும் என்றாள். எப்போது என்றதற்கு, இரண்டும் மத்தியானத்துக்குள்ளே என்றாள். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அறைக்குள் போனவர், டீ ஆறிப்போகும் வரை வரவில்லை.

"நல்ல பொம்பளை. கோனர் கணவாய் வேண்டாம், ரெண்டு டன்னுக்கு மேல வண்டியே விட மாட்டான், பனிமூட்டமும் இருக்கும், டிரலீ மெயின் ரோட்டுலயே வாங்கன்னு சொல்லுது. நம்ம ஊர்ல என்ன பருவம்னு கேட்டுச்சு. வடகிழக்குப் பருவமழை, ஆரஞ்சு அலர்ட்டுன்னேன்." சித்தப்பா நோட்டை மூடினார். "ஐயோ, அந்த மழைக்குள்ள எப்படித்தான் இருக்கீங்களோன்னு ரொம்ப வருத்தப்பட்டுச்சுலே."