ஆய்வுக்கு வரும் ஐயாவுக்கு டிப்ஸ்

எந்த ஊருக்குப் போனால் யாருக்கு எவ்வளவு டிப்ஸ் வைக்க வேண்டும் என்று பயணிகளுக்குப் புத்தகம் போடுகிறார்கள். டோக்கியோவில் மேஜையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுவார்களாம். பட்டாசு ஆலைகள் இருக்கும் எங்கள் ஆனைக்குட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல வருடமாக ஒழுகிப் பேரெடுத்த அணை ஷட்டர் இருந்தும் இல்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

இங்கே முறை தலைகீழ். ஆய்வுக்கு வரும் பயணிதான் வாங்குவார். ஜீப்பில் வருவார், கையில் ஃபைல் இருக்கும். எந்த ஆலைக்கு எத்தனை மணிக்கு என்பது அவருடைய டிரைவருக்கு முன்னால் போர்மேனுக்குத் தெரியும். மரத்தடியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போயிருப்பார்கள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் சரியாக நாலே பேர். மீதிப் பேர் எங்கே என்று கேட்பது மரியாதை ஆகாது. டீ, காராசேவு, கையெழுத்து. “அண்ணாச்சி குடுக்கச் சொன்னாக” என்ற சொல்லோடு கிஃப்ட் பாக்ஸ் பின்சீட்டில் ஏறிவிடும், கவரும் சேர்ந்து. தீபாவளி நெருங்கினால் ரேட் கூடும். ஊழல் தடுப்புச் சட்டம் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரையும் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கட்டும், பிடிக்க வருபவருக்கும் ஒரு பாக்ஸ் இருக்கிறது.

தொழிலாளிக்கு? அவருக்கும் உண்டு, செத்தால். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: உரிமம் முடக்கிய பிறகும் ஓடிய ஆலை, காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களையும் சேர்த்து 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபது பேருக்கு மேல், மாநில அரசு 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம் அறிவித்தன. 2024 மே, செங்கமலப்பட்டி: 10 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: 9 பேர்.

அச்சங்குளத்தில் ஒரே லைசென்ஸை வைத்து உள்குத்தகைக்கு அறை அறையாக விட்டிருந்தார்கள். ஆய்வுக் கண்ணுக்குத் தப்பிய அந்தக் குத்தகை, கூரை பறந்த மறுநாள் பேப்பர் போடுகிற பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ‘விதிமீறல் கண்டறியப்பட்டது’ என்று அறிக்கை வருகிறது. கண்டறியச் சம்பளம் வாங்கியவர் அதற்கு முந்தின மாதம் எதைக் கண்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

ஆய்வுக்கு வரும் ஐயா, இந்தத் தீபாவளிக்குப் பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு, சொல்லாமல் ஒருநாள் வாருங்கள். முன்கேட் வேண்டாம், கருவேலங்காட்டுப் பக்கமாக வந்து ஆளை எண்ணுங்கள்.